இடப்பக்கம் சாய்ந்த மூன்று கோடுகள்

தொட்டிமேட்டிலிருந்து முதலில் மரம் போயிற்று. மரம் தீர்ந்தபின் மனிதர் போயினர். 1976-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், எங்கோ வெட்டிய மரம் அந்த ஊருக்கே வந்து இறங்கியது.

சித்தூருக்கும் பாகாலாவுக்கும் நடுவே, இருபுறமும் மலை நெருக்கும் இடத்தில் இருந்தது அந்த ஊர். மரக்கிடங்கைத் தொட்டி என்பது அந்தப் பக்கத்து வழக்கு. முப்பது ஆண்டுகள் அங்கே மரம் அறுக்கும் மில் ஓடியது. மலையில் மரம் நிற்கும் வரையில் முதலாளிகள் நின்றார்கள். கடைசிக் கட்டை அறுபட்ட மறுமாதம் இயந்திரங்களைக் கழற்றி, கூரைத் தகரத்தையும் உரித்துக்கொண்டு போனார்கள். இருநூறு குடும்பங்கள் என்ன தின்னும் என்று கேட்க ஒரு நாதி இல்லை. மிஞ்சியது மரத்தூள் மேடு ஒன்று. மழைக்கு அது கறுத்து, பொதும்பி, காளான் பூக்கும். அந்தக் காளானைக் குழம்பு வைத்துக் களியோடு தின்பதுதான் மில் அந்த ஊருக்குச் செய்த கடைசி உபகாரம்.

மில்லை இழந்தவர்களில் ஏசுரத்தினமும் ஒருவர். மலையிலிருந்து வரும் உருட்டு மரத்தைக் கோடாலியால் நான்கு பக்கமும் செதுக்கிச் சதுரமாக்குவது அவர் தொழில். வேலை நின்றதும், கன்னட தேசத்துக் காட்டில் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் இடும் சிலீப்பர் கட்டை அறுக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, 1969-இல் வண்டி ஏறினார். முதல் ஆண்டில் இரண்டு கடிதங்கள் வந்தன. அப்புறம் ஒன்றும் இல்லை. அங்கே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிறார் என்று ஊரில் ஒரு பேச்சு முளைத்தது. கண்டவர் எவரும் இல்லை. சொல்லாதவரும் எவரும் இல்லை.

அவருடைய மனைவி கிருபாபாய் ரயில்வே கேங்கில் ஜல்லி சுமக்கும் தினக்கூலி ஆனாள். மகள் ஜெயசீலியை மிஷன் பள்ளியில் தையல் டீச்சர் ஆகும் வரைக்கும் படிக்கவைத்தாள். இப்போது ஜெயசீலிக்குக் கங்காதர நெல்லூரிலிருந்து ஒரு சம்பந்தம் அமைந்திருந்தது. மாப்பிள்ளை இன்பசேகரன் பஞ்சாயத்து ஆபீசில் குமாஸ்தா, நல்ல பையன், ஆனால் தாய் சொல்லைத் தாண்டாதவன்.

அந்தத் தாய் ஞானமணி அம்மாள், பேச்சுக்கு வந்த அன்றே ஒன்றைக் கேட்டுவிட்டாள்.

"பொண்ண எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா ஒண்ணு சொல்லு கிருபா. பொண்ணோட நைனா இருக்காரா, இல்லையா? இருந்தா வரச்சொல்லு. இல்லன்னா இல்லன்னு சொல்லு. ரெண்டுங்கெட்டானா இருந்தா எங்க ஜனம் இன்னான்னு நெனைக்கும்? ஓடிப்போனவன் வீட்ல பொண்ணு எடுத்தோம்னு எனக்குப் பேரு வேணாம்."

சபை வழக்கப்படி, கலியாணத்துக்கு முன்னே மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மணமக்களின் பெயரும் பெற்றோரின் பெயரும் ஆராதனையில் வாசிக்கப்படும். தடை சொல்வார் இருந்தால் எழுந்து சொல்லலாம். அந்த வாசிப்பில் தகப்பன் பெயரை எப்படிப் போடுவது என்று சபைப் போதகரான ஐயர் இயேசுதாசன் கேட்டபோது, கிருபாபாய் ஒரு நாள் முழுதும் யோசித்தாள். ஏழு வருஷம். முதல் ஆண்டுக்குப் பிறகு ஒரு கடிதாசி இல்லை. உயிரோடிருப்பவன் இப்படியா இருப்பான்? உயிரோடிருந்து இப்படி இருப்பானாகில், அவன் செத்தவனாகவே இருக்கட்டும்.

"காலஞ்சென்றவருன்னே போட்டுடுங்க ஐயரே" என்றாள்.

முதல் ஞாயிறு அவ்வாறே வாசித்தாயிற்று. அன்று மாலை சபைப் பெண்கள் நால்வர் வந்து, முறைப்படி சற்று அழுதுவிட்டு, தாலியைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றி வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. மனம் அதைவிட வெறுமையாக இருந்தது. அழுகை மட்டும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, தூறலில், சிலீப்பர் கட்டை ஏற்றிய மூன்று வேகன்கள் ஊர் ரயில் சைடிங்கில் நின்றன. பழைய கட்டைகள் உளுத்துப்போனதால் பாதை முழுவதும் புதுக் கட்டை மாற்ற வேண்டியிருந்தது. கேங்கு மேஸ்திரி ஆதிநாராயணன் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தொந்தரகா, தொந்தரகா! சீக்கிரம் எறக்குங்கம்மா. மத்தியானத்துக்குள்ள வண்டி காலி ஆகணும்."

"கொட புடிச்சிக்கினு நிக்கிற கையால ஒரு முனை புடிச்சா சீக்கிரம் ஆவும் மேஸ்திரி" என்றாள் செல்லியம்மா. கிருபாபாயோடு எப்போதும் ஜோடி சேர்ந்து தூக்குகிறவள் அவள்.

"நான் புடிச்சா உனக்குக் கூலி எதுக்கு?"

"உனக்குச் சம்பளம் எதுக்குன்னுதான் நானும் கேக்கறேன்."

பெண்கள் சிரித்தார்கள். சும்மாட்டைத் தோளில் சரிசெய்துகொண்டு இருவரும் ஒரு கட்டையை இறக்கினார்கள். வேங்கைக் கட்டை. தூறல் பட்டதும் அறுத்த முகத்திலிருந்து சிவப்பாய்ச் சாறு கசிந்து உள்ளங்கையில் அப்பியது. காய்ந்த வேங்கை அப்படிக் கசியாது. மரம் அறுத்து நான்கு மாதங்கூட ஆகியிராது என்று மரத்தோடு வளர்ந்த எவளுக்கும் தெரியும். கையைப் புடைவையில் துடைக்கக் குனிந்த கிருபாபாய், கட்டையின் முனையைப் பார்த்தாள்.

சிறு கோடாலியால் கொத்திய மூன்று சாய்ந்த கோடுகள். அவற்றின் அடியில் ஒரு குறுக்குக் கோடு.

தொட்டிமேட்டில் ஒவ்வொரு செதுக்காளுக்கும் ஒரு குறி உண்டு. எத்தனை மரம் யார் செதுக்கியது என்பது அதை வைத்துத்தான் தெரியும். ஒருவன் குறியை இன்னொருவன் போடமாட்டான். போட்டவன் கையை முறித்திருக்கிறார்கள். அப்பன் குறியை மகன்கூட எடுப்பதில்லை. ஒரு கோடாவது கூட்டிக்கொள்வான். மூன்று கோடும் ஒரு குறுக்கும் ஏசுரத்தினத்தின் குறி. அதிலும் எல்லாருடைய கோடுகளும் வலப்பக்கம் சாயும். அவருடையவை இடப்பக்கம் சாயும். அவர் இடக்கைக்காரர்.

"இன்னாடி, பேய் அடிச்ச மாதிரி நிக்கிற?" என்றாள் செல்லியம்மா.

"அக்கா, இத பாரு."

செல்லியம்மா பார்த்தாள். அவளுடைய புருஷனும் செதுக்காளாய் இருந்து செத்தவன்தான். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அடி பாவி! உம் புருசன் உசுரோட கீறான்டி!"

அன்று இறக்கிய கட்டைகளில் முப்பத்தொன்றில் அந்தக் குறி இருந்தது. ஒவ்வொன்றையும் கிருபாபாய் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஏழு வருஷமாக மனத்தில் அடக்கிவைத்திருந்த வசவெல்லாம் வாய்க்கு வந்தது. படுபாவி, உனக்குக் கை இருக்கிறது, கோடாலி பிடிக்கத் தெரிகிறது, முப்பத்தொரு கட்டையில் குறி வெட்டத் தெரிகிறது, ஒரு கார்டு எழுதத் தெரியவில்லையா? திட்டத் திட்ட அவளுக்குக் கண்ணீர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வராத அழுகை, செவ்வாய்க்கிழமை வந்தது. செத்துவிட்டான் என்பதற்கு அழாதவள், இருக்கிறான் என்பதற்கு அழுதாள்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாகத் தாலியை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

ஜெயசீலி தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கினாள். "இன்னாம்மா இது?"

தாய் சொன்னாள். மகள் கேட்டு முடித்து, ஊசியிலிருந்த நூலை அறுத்தாள்.

"சரி. இருக்காரு. அதனால?"

"அதனாலயா? உசுரோட இருக்கிற மனுசன, சபையில செத்தாருன்னு வாசிக்க வெச்சிட்டேன்டி. எவ்ளோ பெரிய பொய்யி!"

"உனக்கு அப்பத் தெரியாது. பொய்யி இல்ல."

"இப்பத் தெரிஞ்சிப்போச்சே. வர்ற ஞாயித்துக்கெழமயும் அதையே வாசிச்சா?"

"வாசிக்கட்டும்!" ஜெயசீலி எழுந்துவிட்டாள். "எனக்குப் பதிமூணு வயசுல போனாரு. ரெண்டு லெட்டரு. அதுல எனக்குன்னு ஒரு வரி. நல்லா படி. அவ்ளோதான் எங்க நைனா எனக்குக் குடுத்தது. அவரு செத்தவரா இருந்தா எனக்குக் கல்யாணம் நடக்கும். உசுரோட இருந்தா நடக்காது. நீயே சொல்லு, எனக்கு எது வேணும்?"

"அப்பன சாகச் சொல்லாதடி."

"நான் சொல்லல. நீதான் சொன்ன, போன வாரம். போன ஞாயித்துக்கெழம கழட்டின, இன்னிக்கி மாட்டிக்கினு நிக்கிற. ஊரே சிரிக்கும்."

அந்த வார்த்தை கிருபாபாயின் நெஞ்சில் தைத்தது. ஆயினும் அவள் புதன்கிழமை ஐயரிடம் போனாள்.

ஐயர் இயேசுதாசன் நிதானமானவர். அவள் கையில் ஒட்டியிருந்த வேங்கைக் கறையைப் பார்த்தபடி கேட்டார். "கிருபா, நீ கேட்பது உன் மகளுடைய வாழ்வைத் தொடும். ஒரு குறியை மட்டும் கண்டு நிச்சயமாகச் சொல்ல முடியுமா?"

"எம் மொகத்த நான் கண்ணாடியில பாத்தா எனக்குத் தெரியாதா ஐயரே? அந்த மாதிரி."

"வேகனில் காண்ட்ராக்டர் விலாசம் ஒட்டியிருக்கும். நான் அவருக்கு எழுதிக் கேட்கிறேன். பதில் வருமட்டும் வாசிப்பை நிறுத்தி வைக்கலாமே?"

"நிறுத்தினா, ஏன் நிறுத்தினாங்கன்னு கேப்பாங்க. ஒரு தபா பொய் சொல்லிட்டேன். அதே எடத்துல உண்மைய சொல்லிடணும். அப்பதான் எனக்குக் கஞ்சி எறங்கும்."

இரண்டாம் ஞாயிறு, ஐயர் "ஏசுரத்தினம், கிருபாபாய் இவர்களின் மகள்" என்று வாசித்தார். போன வாரம் வாசித்த ஒரு வார்த்தை பிழையென்றும் அதைச் சபையார் மறந்துவிட வேண்டுமென்றும் சொன்னார். சபையார் அதை மறக்கவில்லை; மறக்கச் சொன்ன ஒன்றை எந்தச் சபைதான் மறந்தது? பெஞ்சுக்குப் பெஞ்சு தலைகள் திரும்பின. ஜெயசீலி முகத்தைப் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பத்து மணி பஸ்ஸில் ஞானமணி அம்மாள் வந்து இறங்கினாள். உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றாள்.

"ஏம்மா கிருபா, உம் புருசன் இன்னா லாசருவா? ஒரு வாரத்துல செத்தாரு, மறு வாரத்துல எழுந்தாரு?"

"உள்ள வந்து குந்துங்கக்கா. சொல்றேன்."

"குந்த வரல. ஆளு இருக்காருன்னா, கல்யாணத்துக்கு வருவாரா?"

"விலாசத்துக்கு எழுதியிருக்காங்க..."

"ஏழு வருசமா விலாசம் இல்லாதவனுக்கு எழுதியிருக்கியா? கேட்டுக்கோ. அந்த மனுசன் வேற ஒருத்தியோட இருக்கான்னு எனக்குக் காதுல வுழுந்தப்பவே வேணாம்னு இருந்தேன். எம் புள்ளதான், அவரு செத்துட்டாராம்மா, பாவம்னு சொன்னான். செத்தவன் மேல யாரும் பழி போடமாட்டாங்க. இப்ப? புள்ள குட்டிங்களோட நாளைக்கு அங்கிருந்து ஒரு கூட்டம் வந்து நின்னா?"

"அவரு அப்பிடிப்பட்டவரு இல்லக்கா."

"அப்ப ஏன் வரல?"

அந்தக் கேள்வியைத்தானே கிருபாபாயும் முப்பத்தொரு கட்டைகளிடம் கேட்டிருந்தாள்.

"மூணாவது வாசிப்பு வேணாம்னு ஐயர்கிட்ட சொல்லிட்டேன்" என்றுவிட்டு ஞானமணி அம்மாள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். வீட்டுக்குள் தையல் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. துணி இல்லாமல் வெறும் மிஷின் ஓடும் சத்தம் வேறு மாதிரி இருக்கும். அந்தச் சத்தம்தான் அது.

மூன்று வாரங்கள் தாயும் மகளும் வேண்டியதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. மழை வலுத்தது. கேங்கில் பழைய கட்டையைப் பெயர்த்துப் புதுக் கட்டையைப் போடும் வேலை நடந்தது. இரவு களி கிளறி வைப்பாள். மகள் தனியே எடுத்துத் தின்பாள்.

நான்காம் வாரத்தில், ஒரு சனிக்கிழமை பிற்பகல், பாசஞ்சரிலிருந்து ஒருவன் இறங்கினான். நாற்பது வயது இருக்கும். தோளில் துணி மூட்டை. ஐயர் வீட்டை விசாரித்துக்கொண்டு போனவனை, ஐயரே கிருபாபாயின் வீட்டுக்கு அழைத்து வந்தார். ஐயரின் முகத்தைக் கண்டதுமே கிருபாபாய் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இவர் பெயர் பழனி. குப்பம் ஊர்க்காரர். என் கடிதத்தைக் காண்ட்ராக்டர் இவரிடம் படித்துக் காட்டினாராம். உடனே புறப்பட்டு வந்திருக்கிறார்" என்றார் ஐயர்.

பழனி உட்காரவில்லை. "அண்ணிங்களா?" என்று மட்டும் கேட்டான்.

"அவரு எங்க?"

"அண்ணன் இல்லைங்க அண்ணி."

ஜெயசீலி அடுப்படியிலிருந்து வந்து கதவருகே நின்றாள்.

"எப்ப?"

"ஆறு வருசம் ஆச்சி. அவரு அங்க வந்த ரெண்டாவது மழைக்கே. ஆடி மாசம். அங்க ஆடி மழைன்னா இந்த மாதிரி இல்ல, வானம் ஓட்டையாப் போன மாதிரி ஊத்தும். பள்ளத்துக்கு மேல மரத்த வெச்சி அறுப்போம். நான் மேலாளு, அண்ணன் பள்ளத்துக்குள்ள கீழாளு. கரை ஊறிப்போயி சரிஞ்சிது. மரம் உள்ள எறங்கிடுச்சி. ஒரு சத்தங்கூடப் போடல."

"பொய்யி" என்றாள் கிருபாபாய் மெதுவாக. "நான் குறிய பாத்தேன். நாலு மாசத்து மரம். இடக்கை வெட்டு. நான் பாத்தேன்."

பழனி தலையைக் குனிந்துகொண்டான்.

"அது நான் போட்டது அண்ணி. அங்க குறி ஆளுக்கு இல்ல, ரம்பத்துக்கு. ஒரு ரம்பத்துக்கு ரெண்டு ஆளு, ஒரு குறி. ரம்பம் வாங்கின அன்னிக்கி, எங்கிட்ட ஏது குறி, அண்ணன் தன் குறிய போட்டாரு. புஸ்தகத்துல அது ஏறிப்போச்சி. ஒருத்தன் போனா இன்னொருத்தன் வருவான், குறி மாறாது. அவருக்கப்புறம் நாலு பேரு எங்கூட அறுத்துட்டாங்க."

"கோடு இடப்பக்கமா சாஞ்சிருக்கே!"

"புஸ்தகத்துல இருக்கிற மாதிரியே இல்லன்னா கணக்குப்பிள்ள கட்டைய தள்ளிடுவான். எனக்குச் சோத்துக்கை வெட்டு. அதனால கட்டைய பக்கவாட்டுல நிமுத்தி வெச்சிக்கினு வெட்டுவேன். சரியா வந்துடும்."

அவ்வளவுதான் விஷயம். ஒரு ஊரில் மனிதனுக்கு உரியதாக இருந்த குறி, இன்னோர் இடத்தில் இரும்புக்கு உரியதாக இருந்தது. அதை அவள் அறிந்திருக்க வழியில்லை.

"ஏன்யா எழுதல?" என்றாள். குரல் உயரவில்லை. "ஒரு வரி. ஆளு இல்லன்னு ஒரு வரி."

"எனக்கு எழுத்து தெரியாது அண்ணி. காட்டு மேஸ்திரிகிட்ட சொன்னேன். எழுதிட்டேன்னு சொன்னான். நானும் நம்பிட்டேன். இப்ப ஐயரு லெட்டர படிச்சி சொன்னப்பதான், எழுதவே இல்லன்னு தெரிஞ்சிது. எழுதினா சொந்தக்காரங்க வருவாங்க, கேஸு ஆவும்னு விட்டிருக்கான்."

ஒரு வரி எழுதச் சோம்பியதன்று அது. எழுதாமலிருக்க ஒருவன் தீர்மானித்திருக்கிறான். அவனுடைய அந்தத் தீர்மானத்தின்மேல் ஆறு வருஷம் ஒரு குடும்பம் படுத்துக் கிடந்திருக்கிறது.

"எங்க வெச்சீங்க?" என்று கேட்டார் ஐயர்.

"காட்லயே. எரிச்சிடலாம்னு எல்லாரும் சொன்னாங்க. வெறகுக்கு இன்னா பஞ்சம் அங்க? நான்தான் விடல. உங்க ஜனத்துல பொதைக்கிறதுதான் வழக்கம்னு அண்ணன் ஒரு தபா பேச்சுவாக்குல சொல்லியிருந்தாரு. நானும் இன்னும் ரெண்டு பேரும் தோண்டினோம். தோண்டிட்டு நிக்கிறோம், இன்னா சொல்றதுன்னு தெரியல. அங்க உங்க ஜனம் ஒருத்தர் இல்ல." பழனி தோள் மூட்டையைக் கீழே இறக்கினான். "அண்ணன் தெனம் துன்றதுக்கு முன்னாடி கண்ண மூடிக்கினு ஒண்ணு சொல்வாரு. கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். அத சொன்னேன்."

"எத?"

அவன் கண்ணை மூடிக்கொண்டு, ஒப்பிக்கும் குரலில் சொன்னான். "ஆண்டவரே, நீர் தந்த இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். இதை ஆசீர்வதியும். இல்லாத ஏழைகளுக்கும் தாரும். ஆமென்."

கிருபாபாய்க்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்திய கைக்குள்ளேயே அது அழுகையாயிற்று. தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்து, வீடு அதிர அழுதாள். பழனி மிரண்டுபோனான்.

"தப்பா சொல்லிட்டேனா ஐயரே?"

ஐயர் அவன் தோளில் கை வைத்தார். "இல்லை அப்பா. அதைவிட நல்லதாக எனக்கும் சொல்லத் தெரிந்திராது."

பழனி அன்று மாலை வண்டிக்கே திரும்பினான். போகுமுன் ஜெயசீலி அவனுக்குக் களியும் குழம்பும் போட்டாள். அவன் கை கழுவிவிட்டு வந்து, இலை முன் ஒரு கணம் கண்ணை மூடி உதட்டை அசைத்துவிட்டுத் தின்றான். ஆறு வருஷத்துப் பழக்கம்.

ஐயர் அன்றே கங்காதர நெல்லூருக்கு ஆள் அனுப்பினார். மறுநாள் ஆராதனை முடிந்த கையோடு ஞானமணி அம்மாள் வந்தாள். இந்த முறை உள்ளே வந்து, தரையில் அமர்ந்து, கிருபாபாயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பொய்யழுகை என்று சொல்லிவிட முடியாது. பின்னர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப ஐயர மறுபடி மொதல்லருந்து வாசிக்கச் சொல்லிடலாமா கிருபா?" என்றாள். கிருபாபாய் சரியென்று தலையை அசைத்தாள். தொட்டிமேட்டுச் சபைப் பெண்களும் வந்தார்கள். ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்று சொன்ன அதே வாய்களால், எப்பேர்ப்பட்ட உத்தமன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எல்லாரும் போனபின், பொழுது சாயும் நேரத்தில், ஜெயசீலி தாயின் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். மழை விட்டிருந்தது. ஒரு மாதத்துக்குப் பின் அவள் தாயின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அம்மா."

"சொல்லு."

"நேத்து அவரு, அண்ணன் இல்லன்னு சொன்னாரு பாரு. கதவாண்ட நின்னுக்கினு இருந்தேன். அப்ப... எனக்கு மொதல்ல இன்னா வந்துச்சி தெரியுமா? அப்பாடான்னு வந்துச்சிம்மா. கல்யாணம் நடந்துடும்னு." அவள் தாயின் புடைவைத் தலைப்பைப் பற்றினாள். "எங்க நைனா செத்ததுக்கு நான் சந்தோசப்பட்டேன்மா. நான் இன்னா பொண்ணும்மா?"

கிருபாபாய் மகளை இழுத்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். அவளுடைய தலைமயிரைக் கோதினாள்.

"எனக்கும் வந்துச்சிடி" என்றாள்.

"உனக்கா?"

"ரெண்டாவது மழைக்கேன்னு அவரு சொன்னாரா? அப்ப, எவளோடயும் போகல. நம்மள விட்டுட்டுப் போகல. அப்பாடான்னு எனக்கும் வந்துச்சி." அவள் வெளியே, ஈரத்தில் கறுத்துக் கிடந்த மில்லின் மரத்தூள் மேட்டைப் பார்த்தாள். "செத்துக் கெடக்கிற மனுசன, உசுரோட இருக்கான்னு நெனச்சிக்கினு, ஆறு வருசமா ராத்திரி பகலா திட்டிக்கினு இருந்திருக்கேன்டி. ஒரு நாளு விடாம. அதெல்லாம் இனிமே நான் எங்க போயி திருப்பி எடுக்கறது?"

ஜெயசீலி எழுந்து உட்கார்ந்து, தாயின் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், தாலிக் கயிற்றின் முடிச்சை, வலிக்காமல், தானே அவிழ்க்கத் தொடங்கினாள்.